எட்வினுக்குப் பிடித்த பிராந்தி

பிராந்தி பாட்டிலில் இருப்பது டீ இல்லை என்று செந்தாமரைக்கு உறைத்தபோது கேமரா ஓட ஆரம்பித்திருந்தது. விளக்கு வெளிச்சம் கிச்சன் மேசையில் விழுந்து அங்கே வரிசையாக நின்ற பாட்டில்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. விஸ்கி பாட்டிலில் பால் ஊற்றாத டீ. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அடியில் லேசாகக் கலங்கல் தெரியும். ஒயின் பாட்டிலில் திராட்சைச் சாறும் தண்ணீரும். இந்த இரண்டையும் காலையில் அவளே ஊற்றி, மூடி, துணியால் துடைத்து வைத்தாள். பிராந்தி பாட்டிலில்தான் கலங்கலே இல்லை. பேட்டி எடுக்க வந்த மிருதுளா அதைச் சற்று நகர்த்தி வைத்தபோது உள்ளே அலம்பியது கண்ணாடியில் ஒட்டி, தயங்கி, எண்ணெய்போல மெதுவாக இறங்கியது. டீ அப்படி இறங்காது. டீக்கு அந்தப் பொறுமை கிடையாது. செந்தாமரை கேமராவுக்குப் படாத இடத்தில், பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நாம் மாற்றவில்லை. அதை மட்டும் மாற்றவில்லை. காலையில் மூடியைத் திறந்ததும் வாசம் வந்தது, வாசத்தோடு கூட வேலை செய்யும் பழனிவேலின் வெந்த கன்னம் வந்தது, ஓடிப்போய் இதே தொட்டியில் வாந்தி எடுத்தோம், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது படக்காரர்கள் வயரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள், மூடியைத் திருகி வைத்துவிட்டோம். ஷூட்டிங்கில் நிஜச் சரக்கு வைப்பது கிடையாது. ஒரே வாயைப் பத்துத் தடவை குடிக்கச் சொல்வார்கள், நிஜமாகக் குடித்தால் நாலாவது தடவைக்குள் பேச்சு குழறிவிடும். அதனால் பாட்டிலில் இருப்பது எப்போதும் டீதான். செஃப் எட்வினுக்கு அது தெரியும். தெரிந்த தைரியத்தில்தான் கடைசி ஷாட்டில் எரிகிற அடுப்புக்கு மேல் பாட்டிலை அப்படியே கவிழ்க்கப் போகிறார்.

"செஃப், உங்க கையில எப்பவும் கரண்டியைத்தான் பாத்திருக்கோம். இன்னைக்கு கிளாஸைப் பாக்கலாமா?" என்றாள் மிருதுளா. எட்வின் சிரித்தார். தமிழ்நாட்டுக்கே தெரிந்த சிரிப்பு. மசாலா பாக்கெட்டின்மேல், பேருந்தின் முதுகில், ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சியில் இருக்கிற அதே சிரிப்பு, நரைத்த தாடிக்குள் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏறும். "கிளாஸ் வேற கரண்டி வேற இல்லம்மா. ரெண்டும் நாக்குக்குத்தானே வேலை செய்யுது," என்றார். சொல்லலாம், இப்போதே சொல்லலாம், ஒரு நிமிஷம் சார் என்று கையைத் தூக்கிவிட்டுப் போய் பாட்டிலை எடுத்துவிடலாம். நாலு அடி தூரம். எடுத்தால் என்ன செய்வார்? கேமரா இருக்கும்வரை ஒன்றும் செய்ய மாட்டார். "நம்ம தாமரை, கொஞ்சம் ஞாபக மறதி" என்று செல்லமாகச் சொல்வார். கேமரா போன பிறகு குளிர் அறைக்குக் கூப்பிடுவார். குளிர் அறையின் கதவு தடிமனானது, சத்தம் வெளியே வராது, அதனாலேயே எல்லாரையும் அங்கேதான் கூப்பிடுவார், தொங்குகிற ஆட்டுத் தொடைகளுக்கு நடுவில் நிற்க வைத்து. அவளை அடித்ததில்லை. கேஸ் லைட்டரை விலாவில் வைத்து அழுத்தியிருக்கிறார், பேசிக்கொண்டே, ரவா வறுபடாத குற்றத்துக்கு. பொம்பளைப் பிள்ளைகள்மேல் நான் கைநீட்டுவதில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னார். அதுவும் உண்மைதான், நீட்டியது லைட்டரைத்தானே.

"ஒயின்ல நான் இந்தியன்தான்," என்று எட்வின் சொல்லிக்கொண்டிருந்தார், திராட்சைச் சாறு நிரம்பிய கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபடி. "நாசிக் பக்கம் ஒரு சின்னத் தோட்டம். அங்க பண்ற சிவப்பு ஒயின், இனிப்பு சுத்தமா கிடையாது, நாக்கு ஓரத்துல லேசா துவர்க்கும், நாட்டு நெல்லிக்கா மாதிரி. மட்டன் உப்புக்கறிக்கு அதைவிட்டா ஜோடி இல்ல. இனிப்பு ஒயினெல்லாம் குழந்தைங்களுக்கும் கல்யாண ரிசப்ஷனுக்கும்." மிருதுளா கலகலவென்று சிரித்தாள். அந்த ஒயின் செந்தாமரைக்குத் தெரியும். கிச்சனில் எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒரு சொட்டு குடித்ததில்லை, ஆனால் அவர் எதைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இந்தச் சுவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒயின் குடித்திருந்தால் கை வராது. பேச்சு வரும். குரலை ஏற்றாமல், வெங்காயத்தைத் தோல் உரிக்கிற மாதிரி ஒவ்வொரு மடலாகப் பேசுவார். உங்க அப்பா லோடுமேன்தானே தாமரை, மூட்டை தூக்குற கைதானே உனக்கும், தட்டுல பூ வைக்கிற கையா இது, எதுக்குடி டிகிரி படிக்க வச்சாரு அந்த மனுஷன், உன்னைப் படிக்க வச்ச காசுக்கு ரெண்டு மாடு வாங்கியிருந்தா பாலாவது வந்திருக்கும். செய்யாற்று வீட்டில் அப்பா அவளுடைய பட்டம் வாங்கிய போட்டோவை டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். டிவியில் எட்வின் வரும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, இவருக்கு எங்க பாப்பாதான் எல்லாம் எடுத்துக் குடுக்குது என்பார். மேலே போட்டோவில் மகள், கீழே டிவியில் எட்வின். அப்பா கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருப்பார். டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனிடம் போய் என்னவென்று சொல்வது?

"விஸ்கி?" "விஸ்கின்னா எனக்குப் புகை அடிக்கணும். ஈர விறகு எரியுற புகை. நிறைய பேருக்கு அது மருந்து வாசம். எனக்கு அதுல எங்க அம்மா அடுப்பு இருக்கு." டீயை ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவு தத்ரூபமாக ஆட்டினார், கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆள்கூட எச்சில் விழுங்கினான். விஸ்கி என்றால் பொருள்கள் பறக்கும். கரண்டி, தட்டு, உப்புக் கிண்ணம். ஒருமுறை சுடச்சுட ஒரு இட்லித் தட்டு பறந்து வந்து சுவரில் பட்டு, திரும்பி, மாவு கரைத்துக்கொண்டிருந்த பிரேம்குமாரின் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் மாவில் சொட்டியது. மாவை மாத்துல, வேற மாவு எடு, என்றார். ஆளை மாற்று என்று சொல்லாததே பெரிய விஷயம் என்று பழனிவேல் பிறகு சொல்லிச் சிரித்தான். பழனிவேல் எதற்கும் சிரிப்பான். பரமக்குடிக்காரன், அவளோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன், குழம்பில் ஒயின் சேர்த்தால் ருசி பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பிவிடுவான், ஏன்டா என்றால் எங்க அப்பன் எனக்கும் சேத்துக் குடிச்சுட்டான் தாமரை, என் பங்கு முடிஞ்சு போச்சு என்பான். இப்போது அவன் முகம் முழுக்க வெள்ளைத் துணி. போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது துணிக்குள் இருந்து ஒரு ஓட்டை அவளிடம் பேசியது. "ஏய் தாமரை, மீசை இருக்கா பாரு. நர்ஸம்மா சொல்ல மாட்டேங்குது." இருக்குடா என்றாள். "பொய் சொல்லாத. பொய் சொல்றப்ப உனக்கு மூக்கால வரும்." அவன் மனைவி மங்கை ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள், அவனால் சாப்பிட முடியாத பழம், உரிப்பதற்கு ஒரு வேலை வேண்டுமே என்று உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள், "இவரு குடிச்சிருந்தாரு, இவரே பாட்டிலைக் கவுத்தாருன்னு ஓட்டல்ல சொல்றாங்க. டாக்டரும் உடம்பெல்லாம் பிராந்தி வாசம்னு எழுதிட்டாராம். நீங்க பக்கத்துலதானக்கா நின்னீங்க?"

பக்கத்தில்தான் நின்றாள். வறுக்கிற பேனில் இறால்மேல் பிராந்தி விட்டுத் தீ எழுப்பும்போது அதைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டுதான் பேனுக்குக் கொண்டுபோக வேண்டும். கல்லூரியில் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுப்பது. பாட்டிலோடு சாய்த்தால் தீ சாராயத்தின் வழியாகவே மேலே ஏறி பாட்டிலுக்குள் போய்விடும், பாட்டில் பீய்ச்சும். எட்வினுக்குத் தெரியாதா, ஊருக்கே சொல்லிக் கொடுப்பவர். அன்றைக்கு மத்தியானம் அவர் பிராந்தியில் இருந்தார். பிராந்தி என்றால் கை. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள், கிச்சனுக்குள் நின்று பார்க்க ஆசைப்பட்டார்கள், அவர்களுக்கு வித்தை காட்ட வேண்டும். பழனிவேல் பேன் பிடித்துக்கொண்டிருந்தான். "செஃப், கிண்ணத்துல ஊத்தித் தரவா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். ஆட்கள் முன்னால் எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று எட்வின் அவன் பிடரியில் ஒரு கையை வைத்து அடுப்பை நோக்கி அழுத்தினார். விளையாட்டுப்போல, சிரித்துக்கொண்டே, அந்த இடது பக்கச் சிரிப்போடு. மறு கையால் பாட்டிலைக் கவிழ்த்தார். நீலமாக ஒன்று ஏறியது. சத்தமே இல்லாமல் ஏறியது. அதுதான் அவளுக்குத் தூக்கத்திலும் வருகிறது, அந்தச் சத்தமின்மை, பிறகுதான் அவன் கத்தினான், பிறகுதான் முடி கருகியது. தரையில் விழுந்து உருண்டவன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கியது அவள்தான். சாக்குக்குள் அவன் கொதித்தான். அப்போது எட்வின் பாட்டிலில் மிச்சம் இருந்ததை என்ன செய்தார் என்பதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். அணைந்த பிறகு, விருந்தாளிகள் வெளியே ஓடிய பிறகு, குனிந்து, பூச்செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல அவன் சட்டைமேல் ஊற்றினார்.

அவளுக்கு ஏழு எட்டு வயதிருக்கும்போது எதிர்வீட்டு ரஞ்சிதம் அக்கா எரிந்தாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று தெருவே சொன்னது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் புகுந்து எட்டிப் பார்த்தவளுக்கு ஸ்டவ் தெரிந்தது, சுவர் ஓரமாக, சுத்தமாக, ஒரு நசுங்கல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. "அம்மா, ஸ்டவ் வெடிக்கலையே," என்றாள் சின்னச் செந்தாமரை. அம்மாவின் கை வந்து வாயை மூடியது. மீன் கழுவிய கை, விரல்களுக்கு நடுவில் செதில். மூச்சு முட்டியது. அந்தக் கைக்குள்ளேயே வளர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது இப்போது. படித்தது, சென்னைக்கு வந்தது, ஃபிரெஞ்சுச் சாஸ் பெயர்களை மனப்பாடம் செய்தது, எல்லாமே அந்தக் கைக்குள்ளேயே.

இன்றைக்குக் காலையில் எட்வின் அவளைக் குளிர் அறைக்குக் கூப்பிட்டார். லைட்டர் இல்லை. குரலில் வெண்ணெய். "ஏட்டி தாமரை, நாளைக்கு விசாரணை இருக்கு. நீ அந்தப் பக்கம் திரும்பி நின்ன, சத்தம் கேட்டுதான் பாத்த. சரியா? கோயம்புத்தூர்ல புது ரெஸ்டாரண்ட் திறக்கோம். அங்க தலைமை நீதான். உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா, ரிப்பனை அவரே வெட்டட்டும்." அப்பா ரிப்பன் வெட்டுவார். வேட்டியைப் புதிதாக வாங்குவார். தலையை ஆட்டினாளா ஆட்டவில்லையா? ஆட்டினாள். குளிரில் ஆடியது என்று நினைத்துக்கொண்டாள், ஆனால் ஆட்டினாள்.

"சரி செஃப், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. ஒரே ஒரு பாட்டிலோட ஒரு தீவுல விட்டா எதை எடுத்துட்டுப் போவீங்க?" எட்வின் யோசிப்பதுபோல் தாடியைத் தடவினார். பிறகு மூன்றாவது பாட்டிலை எடுத்தார். செந்தாமரை அவர் விரல்களையே பார்த்தாள். திறக்கப் போகிறார், முகர்ந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் நல்லது, தெரியட்டும், தெரியக்கூடாது. அவர் திறக்கவில்லை. குழந்தையைத் தட்டுவதுபோலப் பாட்டிலின் தோளைத் தட்டினார். "பிராந்திதான். பழைய மரப் பீப்பாயில பல வருஷம் தூங்கி எழுந்த பிராந்தி. இதை அவசரமா குடிக்கக் கூடாது. கிளாஸை உள்ளங்கையில வச்சிருந்தா உங்க கைச்சூட்டுலயே அது மெல்ல விழிச்சிக்கும். பிராந்தி நம்ம கையோட பேசுற சரக்கு." கையோடுதான், கையோடு பேசுகிற சரக்குதான், இவ்வளவு அழகாக அதைச் சொல்ல இவருக்குத் தெரிந்திருக்கிறதே. பிடரியில் வைத்த அந்தக் கை இப்போது பாட்டிலின் கழுத்தில் இருக்கிறது. அதே பிடி. எரியட்டும். நினைப்பு வந்ததும் அவள் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள், சத்தமாகச் சொல்லிவிட்ட மாதிரி. எரியட்டும். அந்தத் தாடி முதலில் பிடிக்கும். தாடி பஞ்சு மாதிரிப் பிடிக்கும், இடது பக்கச் சிரிப்பின் ஓரத்தில் தோல் சுருங்கி வழன்று, மசாலா பாக்கெட்டில் இருக்கிற முகம் மசாலா பாக்கெட்டில் மட்டும் இருக்கும். அவர் கத்துவார். எப்படிக் கத்துவார் என்று அவளுக்குக் கேட்டது, தூத்துக்குடிப் பேச்சில், எம்மா என்று கத்துவார். ஈரச் சாக்கு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மெதுவாகப் போய் எடுத்து வரலாம். நடந்து போகலாம். நான் ஒன்றும் செய்யவில்லையே. ஒன்றும் செய்யாததுதானே என் குற்றம், டீ ஊற்ற மறந்தேன், வாந்தி வந்தது, மறந்தேன். யார் கேட்டாலும் மூக்கால் பேசாமல் இதைச் சொல்ல முடியும். ஏனென்றால் பேட்டி தொடங்கும் வரை அது உண்மை. இப்போது இல்லை. கேமரா ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் அது கொஞ்சம் கொஞ்சமாக மறதியில் இருந்து வேறு ஒன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. பால் தயிராவதுபோல, எந்த நிமிஷத்தில் என்று சொல்ல முடியாமல்.

"சூப்பர் செஃப். இப்ப அந்த ஃபயர் ஷாட் எடுத்துடலாம். முதல்ல பாட்டில்லேர்ந்து ஊத்துற மாதிரி. அப்புறம் கட் பண்ணிட்டு நிஜமா பத்த வைக்கிறது." எட்வின் மேசையை விட்டு அடுப்புக்கு வந்தார். "பேன் பிடிக்க ஒரு ஆள் வேணுமே. ஏய், நம்ம தாமரை எங்க? வாம்மா, நீயும் டிவில வா. உங்க அப்பா பாப்பார்ல." கேமராக்காரர் அவளை நிற்க வைத்த இடம் பழனிவேல் நின்ற இடம். அந்தத் தரை ஓட்டில் இன்னும் ஒரு மஞ்சள் கறை, பிளீச் போட்டும் போகாதது. அவள் அடுப்பைப் பற்றவைத்து, பேனைப் பிடித்தாள். தீ பேனின் விளிம்பைத் தாண்டி நீல நாக்குகளாக மேலே வந்தது. இறால் வெண்ணெயில் சுருண்டது. அவர் எரிந்தால் பேன் பிடித்திருக்கிற கையும் எரியும் என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியும் பிடியைத் தளர்த்தவில்லை. எரியட்டும், ரெண்டு பேரும். எட்வின் குனிந்து, கேமராவுக்குச் சிரித்தபடியே, உதட்டை அசைக்காமல், "நாளைக்கு என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கால்லா?" என்றார். "இருக்கு செஃப்." "நல்ல பிள்ள. அந்தப் பய பிழைச்சாலும் வெளிய காட்டுற மூஞ்சியா இருக்காது. நாமதான் பொழப்பைப் பாக்கணும்." மூடி திருகப்பட்டது. மிருதுளா விரலைத் தூக்கினாள். வாசம் அடித்தது, செந்தாமரைக்கு அடித்தது, அவருக்கு அடிக்கவில்லை. வெண்ணெயும் பூண்டும் அவருடைய மூக்கின் கீழே கொதித்துக்கொண்டிருந்தன. பாட்டில் சாய்ந்தது. கண்ணாடிக் கழுத்துக்குள் அது முன்னால் நகர்ந்து வருவதைப் பார்த்தாள், அவசரமே இல்லாமல், பொறுமையாக. சாய், சாய், இன்னும் சாய் என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அது ரஞ்சிதம் அக்காவின் குரலா பழனியின் குரலா தன் குரலா என்று தெரியவில்லை. அப்போது அவளுடைய இடது கை கீழே போய் அடுப்பின் திருகை முழுசாக மூடியது. அவள் போகச் சொல்லவில்லை. கைதான் போனது.

தீ அணைந்த பேனில் பிராந்தி விழுந்து சீறியது. ஆவி குபீரென்று எழுந்து எட்வினின் முகத்தில் அறைந்தது. அவர் நின்றுவிட்டார். சாய்த்த கை சாய்த்தபடி. மூக்குத் துவாரங்கள் இரண்டு முறை விரிந்தன. பிறகு பாட்டிலைப் பார்த்தார், அணைந்த அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தாடிக்குள் ரத்தம் வற்றித் தோல் சாம்பலாக ஆவதை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. "என்ன செஃப், அடுப்பு அணைஞ்சிடுச்சா? இன்னொரு தடவை போலாமா?" என்றாள் மிருதுளா. எட்வின் செந்தாமரையின் மணிக்கட்டைப் பிடித்தார். கேமராவுக்கு அது தட்டிக்கொடுப்பதுபோல் தெரிந்திருக்கும். "தெரிஞ்சேவா ஏட்டி?" என்று கேட்டார், பல்லுக்குள்.

"பாட்டில்ல இருந்தது நிஜ பிராந்தி," என்றாள் செந்தாமரை மிருதுளாவைப் பார்த்து. குரல் அவளுக்கே அந்நியமாக, கிச்சனுக்குத் தேவையில்லாத சத்தத்தில் வந்தது. "நான்தான் அடுப்பை அணைச்சேன். அணைக்கலைன்னா இவர் முகம் எரிஞ்சிருக்கும். பழனிவேல் முகம் எரிஞ்ச மாதிரி. அன்னைக்கும் பாட்டில் இவர் கையிலதான் இருந்துச்சு. இன்னொரு கை பழனி பிடரியில இருந்துச்சு."

"கேமராவை நிறுத்துங்க," என்றார் எட்வின். "பிள்ளைக்குப் பயத்துல புத்தி தடுமாறுது. சரக்கை மாத்த மறந்துட்டு என்னென்னமோ உளறுது. மறந்துட்டேன்னு சொல்லு தாமரை. சொல்லு, விட்டுருதேன்." கேமராக்காரர் மிருதுளாவைப் பார்த்தார். அவள், முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள், "நிஜ சரக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" மறந்துட்டேன் என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக, கழுவித் துடைத்த கிளாஸ் மாதிரி இருந்தது. கோயம்புத்தூரும் இருந்தது, அப்பாவின் புது வேட்டியும் இருந்தது. இப்போது ஒரு பொய் சொன்னால் மற்றது எல்லாமே பொய்யாகிவிடும், பழனிவேலின் முகம் உள்பட.

"பேட்டி ஆரம்பிக்கும்போதே தெரியும்," என்றாள். "தெரிஞ்சும் சொல்லல. எரியட்டும்னு நின்னேன். இவர் எரியணும்னு ஆசைப்பட்டேன், இப்பவும் ஆசை இருக்கு. அதையும் சேத்து வச்சுக்குங்க. எதையும் வெட்டாதீங்க."

எட்வினின் பிடி இறுகியது. எலும்பு ஒன்றோடொன்று உரசி வலித்தது. அவள் கையை உருவிக்கொள்ள முயலவில்லை. அந்தக் கை எவ்வளவு பலமானது என்பதும் கேமராவில் பதியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, "அன்னைக்கு மத்தியானம் விருந்தாளிங்க வந்திருந்தாங்க," என்று ஆரம்பித்தாள்.